போன வருடம் நமது வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன?

தோட்டத்தில் வருடம் முடிந்தால் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். எத்தனை கிலோ கொழுந்து வந்தது, ஸ்டோரில் எத்தனை மூட்டை உரம் மிச்சம் என்று ஒப்பீசில் எழுதி வைக்கிறார்கள். நமது வீட்டில் மட்டும் அந்தப் பழக்கம் இல்லை. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பொங்கல் வைக்கிறோம். போன வருடம் எந்த இடத்தில் வழி அடைபட்டது என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுவதில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயரும் தோட்டமும் வேண்டாம். எந்த லயத்திலும் இருக்கக்கூடிய குடும்பம்தான். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா கவ்வாத்து வெட்டுகிறார். 30 வருடம் வேலை செய்த பாட்டி 2025இல் பேர் வெட்டி வீட்டோடு இருக்கிறார். மகன் சாதாரண தர வகுப்பு, மகள் அவனுக்கு இளையவள். அந்த வருடம் இவர்கள் படித்த பாடங்கள் நம் எல்லோருக்கும் உதவும்.

வட்டி தின்ற சம்பளம்

ஜனவரியில் மகளின் சடங்குக்கு 40,000 ரூபா கடன் வாங்கினார்கள். நூற்றுக்குப் பத்து வட்டி. வாங்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. மாதம் 4,000 ரூபா வட்டி கட்டினார்கள். பத்து மாதத்தில் வட்டியே 40,000 ஆகிவிட்டது. முதல் 40,000 அப்படியே நிற்கிறது! “கட்டிக்கிட்டேதானே இருக்கோம், ஏன் கொறையல?” என்று அம்மா கேட்டார். வட்டியை மட்டும் கட்டினால் முதல் எப்படிக் குறையும்?

விசேஷம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நாலு பேர் வந்து போகத்தான் வேண்டும். ஆனால் சடங்கு, கலியாணம் போன்றவை திடீரென்று வருவதில்லை. வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். அதற்கென்று சீட்டுப் போடலாம். தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அங்கே கேட்கலாம். அவசரம் என்றால் நகையை வங்கியில் அடகு வைத்து ரசீது வாங்கலாம். எங்கே வாங்கினாலும் மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்டு எழுதிய பிறகே கையை நீட்ட வேண்டும்.

ஓர் எழுத்தால் நின்ற பணம்

பாட்டியின் சேமலாப நிதிப் பணத்துக்கு விண்ணப்பம் போட்டபோது ஒரு சிக்கல். கணக்கில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். மாரியாயி, மாரியம்மாள் என்பது போன்ற வித்தியாசம்தான். லயத்தில் எல்லோருக்கும் அவர் ஒரே ஆள்தான். காகிதத்தில் இரண்டு ஆள். தோட்ட ஒப்பீசுக்கும் தொழில் காரியாலயத்துக்கும் பல மாதங்கள் நடந்தார்கள்.

இது நம்முடைய சொந்தப் பணம். 1,000 ரூபா சம்பளத்துக்கு நம்மிடம் 80 ரூபா பிடிக்கிறார்கள். தோட்டம் 120 ரூபா சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் தனியாக 30 ரூபா கட்ட வேண்டும். வேலையை விட்ட பிறகு பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம். இதைவிட, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். பாட்டியின் 30 வருடத்துக்கு 420 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும்.

ஆகவே வேலையில் இருக்கும்போதே பெயரைச் சரிபாருங்கள். சம்பளத் துண்டு, சேமலாப நிதிக் கணக்கு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? பிள்ளைகளுக்கும் பாருங்கள். 15 வயதானதும் பாடசாலை அதிபர் மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சை நெருங்கிய பிறகு ஓடுவது வீண் அலைச்சல்.

மண் பேசியபோது

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பல இடங்களில் மலை சரிந்தது. இந்தக் குடும்பத்தின் லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. குசினிச் சுவரில் புது வெடிப்பு. “இத்தன வருசமா மழ பெய்யுது, ஒண்ணும் ஆகல” என்றார் அப்பா. “மீரியபெத்தயிலயும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க, கெளம்புடா” என்றார் பாட்டி. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தயில் லயங்களே மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யார் மறப்பார்? அன்று மாலையே பாடசாலைக்குப் போய்விட்டார்கள். காலையில் குசினி இருந்த இடத்தில் மண் இருந்தது. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

நிலத்தில் அல்லது சுவரில் புது வெடிப்பு, சாய்கிற மரம், புதிதாகக் கிளம்பும் ஊற்று, திடீரென்று வற்றும் அல்லது கலங்கும் தண்ணீர் ஆகியவை மண்சரிவுக்கு அறிகுறி. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும். நேரான பக்கமுள்ள ஒரு டின்னும் அடிமட்டமும் இருந்தால் பிள்ளைகளே அளந்து சொல்வார்கள். ஆனால் அறிகுறி தெரிந்தால் அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117.

பாட்டி தன் காகிதங்களைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தார். அதையும் தூக்கிக்கொண்டு போனதால்தான் அவருடைய பண விஷயம் மறுபடி தொடக்கத்துக்குப் போகவில்லை.

எப்படி உட்காருவது?

சம்பளம் வந்த அடுத்த ஞாயிறு நல்லது. பிள்ளைகளும் இருக்கட்டும். ஒரு கொப்பியில் மூன்று பக்கம் எழுதுங்கள். எங்கே பணம் போனது, எது நம்மைக் காப்பாற்றியது, இந்த வருடம் எதை மாற்றப் போகிறோம். யாரையும் குற்றம் சொல்ல உட்கார வேண்டாம். அந்த வீட்டில் சாராயத்துக்குப் போன காசையும் எழுதினார்கள். யாரும் சண்டை போடவில்லை. கூட்டின தொகையைப் பார்த்து அப்பாவே, “இத பாதியாக்கிடலாம்” என்றார்.

எழுத வராதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதட்டும். பெயரில் பிழை இருந்தால் காகிதங்களோடு நலன்புரி உத்தியோகத்தரிடம் இந்த மாதமே வாருங்கள். அந்தக் கொப்பியையும் அதே பொலித்தீன் பையில் வையுங்கள்.