வீடுதேடிச் சென்று அளிக்கப்படும் குழந்தை உணவூட்டல் கல்வி

வீடுதேடிச் சென்று அளிக்கப்படும் குழந்தை உணவூட்டல் கல்வி என்பது, செவிலியர் அல்லது பயிற்சி பெற்ற நலப்பணியாளர் தாயின் வீட்டுக்கே சென்று, குழந்தைக்கு எதை, எப்போது, எப்படி ஊட்டுவது என்று கற்றுத்தரும் நலவாழ்வுத் திட்டமாகும். குழந்தைப் பருவ உடற் பருமனை, அது தோன்றுவதற்கு முன்பே தடுப்பது இதன் நோக்கம். கருவுற்ற காலத்தின் இறுதி மாதங்களிலோ பிறந்த சில வாரங்களிலோ தொடங்கும் இக்கல்வி, பெரும்பாலும் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும்வரை தொடரும். இத்துறையில் பரவலாக எடுத்துக்காட்டப்படுவது, ஆத்திரேலியாவின் சிட்னி நகரில் 2007இல் தொடங்கப்பட்ட 'எல்தி பிகினிங்சு' (நலமான தொடக்கங்கள்) ஆய்வாகும்.

பின்னணி

உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறக்குறைய 3.7 கோடிப் பேர் மிகை எடையுடன் இருந்தனர். குழந்தை கொழுகொழுவென்று இருப்பது நலத்தின் அடையாளம் என்ற எண்ணம் பல சமூகங்களில் உள்ளது. பஞ்சமும் தொற்றுநோயும் குழந்தைகளைப் பலிகொண்ட காலத்தில் அவ்வெண்ணத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் முதல் ஆண்டில் எடை மிக வேகமாக ஏறும் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் உடற் பருமன் உண்டாகும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பருமனுள்ள குழந்தைகளில் பலர் வளர்ந்த பின்னும் பருமனுடனே இருக்கின்றனர். இரண்டாம் வகை நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், இதய நோய் ஆகியவை அதனுடன் தொடர்புடையவை.

ஒருமுறை ஏறிய எடையைக் குறைப்பது கடினம். சுவை விருப்பமும் உண்ணும் பழக்கமும் முதல் இரண்டு ஆண்டுகளில் உருவாகத் தொடங்குகின்றன. ஆகவே தடுப்புப் பணியை அக்காலத்திலேயே தொடங்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது.

கற்பிக்கப்படுபவை

திட்டத்துக்குத் திட்டம் சிறு வேறுபாடுகள் இருந்தாலும், அடிப்படைப் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றே.

பசியையும் நிறைவையும் அறிதல்: இதுவே முதன்மையான பாடம். வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, உதட்டைச் சப்புவது ஆகியவை பசியின் தொடக்க அடையாளங்கள். அழுகை பிந்திய அடையாளம். குடிக்கும் வேகம் குறைவது, முலைக்காம்பை விட்டுவிடுவது, முகத்தைத் திருப்புவது, வாயை இறுக மூடுவது, கரண்டியைத் தள்ளுவது ஆகியவை வயிறு நிறைந்ததைக் காட்டுபவை. அழும்போதெல்லாம் பால் கொடுத்து அமைதிப்படுத்தினால், பசியும் பிற தேவைகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தூக்கம், ஈரத்துணி, தனிமை, வெப்பம் ஆகியவையும் அழுகைக்குக் காரணமாகலாம் என்று தாய்க்கு விளக்கப்படுகிறது.

தாய்ப்பால்: முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் பிற உணவுடன் இரண்டு வயதுவரை அல்லது அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. மார்பில் குடிக்கும் குழந்தை தனக்கு வேண்டிய அளவைத் தானே பெரிதும் தீர்மானிக்கிறது. புட்டியில் எவ்வளவு மீதம் என்பது கண்ணுக்குத் தெரிவதால், அதை முடிக்கவைக்கும் ஆசை ஊட்டுபவருக்கு எழுகிறது.

மாவுப்பால்: மாவுப்பால் கொடுக்க நேர்ந்தால், அளவுக்கு மேல் மாவு சேர்க்காதிருத்தல், புட்டியைக் காலி செய்யும்படி வற்புறுத்தாதிருத்தல், வாயில் புட்டியுடன் தூங்கவைக்காதிருத்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. பெல்சியம், செருமனி, இத்தாலி, போலந்து, எசுப்பானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், புரதம் மிகுந்த மாவுப்பால் குடித்த குழந்தைகளுக்கு, புரதம் குறைந்த மாவுப்பால் குடித்தவர்களைவிட ஆறு வயதில் உடற் பருமன் கூடுதலாகக் காணப்பட்டது.

துணை உணவு: ஏறத்தாழ ஆறு மாதத்தில் துணை உணவு தொடங்க வேண்டும். புதிய காய்கறியைக் குழந்தை முதலில் துப்புவது இயல்பு. எட்டுப் பத்து முறை வெவ்வேறு நாட்களில் சிறிதளவு கொடுத்த பின்பே பல குழந்தைகள் ஒரு சுவையை ஏற்கின்றன. ஓரிரு முறை துப்பியவுடன் 'இது இவளுக்குப் பிடிக்காது' என்று முடிவு செய்வது தவறு என்பது தாய்மாருக்கு வலியுறுத்தப்படுகிறது.

குடிப்பவை: தாய்ப்பால், மாவுப்பால் தவிர, ஆறு மாதத்துக்குப் பின் கோப்பையில் தண்ணீர் போதும். இனிப்புப் பானங்கள் வேண்டா. ஓராண்டு நிறையாத குழந்தைக்குப் பழச்சாறும் தேவையில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் பரிந்துரைத்தது.

உணவும் ஒழுக்கமும்: அழாமல் இருந்தால் இனிப்பு, சோற்றை முடித்தால் சாக்லேட்டு என்று உணவைப் பரிசாக்கும் வழக்கம் தவிர்க்கப்பட வேண்டும். என்ன உணவு, எப்போது, எங்கே என்பவற்றைப் பெரியவர் முடிவு செய்ய, எவ்வளவு என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும் என்ற பொறுப்புப் பங்கீட்டு முறையை அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் முன்வைத்தார். பல திட்டங்களில் இம்முறை காணப்படுகிறது.

வீட்டில் கற்பிப்பதன் காரணம்

மருத்துவமனையில் தாய்க்குக் கிடைக்கும் நேரம் குறைவு. வீட்டில் செவிலியர் ஒன்றிரண்டு மணி நேரம் அமர்ந்து பேச முடிகிறது. குழந்தை பால் குடிப்பதை நேரில் கண்டு திருத்த முடிகிறது. சமையலறையில் உள்ள பொருள்களைக் கொண்டே துணை உணவைப் பற்றிப் பேசலாம். தொலைக்காட்சி எந்த அறையில் இருக்கிறது, குழந்தை எங்கே உண்கிறது என்பவையும் தெரிகின்றன. பாட்டி, தந்தை போன்ற, ஊட்டுவதில் பங்குள்ள மற்றவர்களும் அப்பேச்சைக் கேட்கின்றனர். வண்டி வசதியற்ற, கைக்குழந்தையுடன் வெளியே செல்ல இயலாத தாய்மாரையும் கல்வி சென்றடைகிறது. செலவு மிகுதி என்பதே இம்முறையின் பெரிய குறை.

சிட்னி ஆய்வு

சிட்னி நகரின் தென்மேற்குப் பகுதியில், சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய இடங்களில் இவ்வாய்வு நடந்தது. லீ மிங் வென், லூயிசு பார் முதலிய ஆய்வாளர்கள் இதை வழிநடத்தினர். முதல் குழந்தையை எதிர்நோக்கியிருந்த 667 பெண்கள் சேர்க்கப்பட்டு, குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவில் 337 பேர், மற்றதில் 330 பேர்.

முதற் குழுவினரின் வீட்டுக்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியர் எட்டு முறை சென்றனர். முதல் வருகை கருவுற்ற காலத்தில். மற்ற ஏழும் குழந்தைக்கு 1, 3, 5, 9, 12, 18, 24 மாதம் ஆனபோது. தாய் அடுத்து எடுக்கவேண்டிய முடிவுக்குச் சற்று முன்பாகச் செவிலியர் வருமாறு இக்கால அட்டவணை அமைந்தது. எடுத்துக்காட்டாக, துணை உணவை முன்கூட்டியே தொடங்கும் எண்ணம் எழக்கூடிய 3, 5ஆம் மாதங்களில் வருகை இருந்தது. இரண்டாம் குழுவினருக்கு அப்பகுதியில் எல்லோருக்கும் கிடைக்கும் வழக்கமான செவிலியர் சேவை மட்டும் கிடைத்தது.

பாடங்கள் குழந்தையே பேசுவது போன்ற சிறு சொற்றொடர்களாகவும் தரப்பட்டன. தாய்ப்பாலே சிறந்தது, ஆறு மாதம்வரை திட உணவு வேண்டா, நாள்தோறும் பலவகைக் காய்கனி, கோப்பையில் தண்ணீர் மட்டும், ஓடியாடும் குடும்பம் என்பன அவற்றின் சாரம்.

முடிவுகள்

முதல் ஆண்டின் இறுதியில் ஊட்டும் பழக்கத்தில் மாற்றம் தெரிந்தது. தாய்ப்பால் ஊட்டிய காலத்தின் இடைநிலையளவு, செவிலியர் சென்ற குழுவில் 17 வாரமாகவும் மற்ற குழுவில் 13 வாரமாகவும் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே திட உணவு தொடங்கியவர்கள் 74 விழுக்காட்டிலிருந்து 62 விழுக்காடாகக் குறைந்திருந்தனர்.

இரண்டு வயது முடிவுகள் 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயின. அவற்றுள் சில (முதல் எண் செவிலியர் சென்ற குழு, இரண்டாவது ஒப்பீட்டுக் குழு):

- நாளுக்கு ஒருமுறையேனும் காய்கறி உண்ட குழந்தைகள்: 89 விழுக்காடு, 83 விழுக்காடு
- உணவைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள்: 62 விழுக்காடு, 72 விழுக்காடு
- தொலைக்காட்சி முன் இரவு உணவு உண்டவர்கள்: 56 விழுக்காடு, 68 விழுக்காடு
- நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்த்த குழந்தைகள்: 14 விழுக்காடு, 22 விழுக்காடு

உடல் நிறை குறியீட்டெண் முதற் குழுவில் சராசரியாக 16.53, மற்றதில் 16.82. வேறுபாடு 0.29. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் இக்குறியீட்டெண் கிடைக்கும். 87 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு இவ்வேறுபாடு ஏறக்குறைய 220 கிராம் எடைக்குச் சமம். ஒரு குழந்தைக்கு இது சிறிய அளவே. ஒரு மக்கள்தொகையின் குழந்தைகள் அனைவரிடமும் சராசரி இந்த அளவு நகர்ந்தால், பருமன் எல்லையைத் தாண்டுவோரின் எண்ணிக்கை குறையும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

பென்சில்வேனியா ஆய்வு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 279 முதற் குழந்தைகளையும் அவர்களின் தாய்மாரையும் கொண்டு 'இன்சைட்டு' என்ற ஆய்வு நடந்தது. குழந்தைக்கு மூன்று நான்கு வாரம், 16, 28, 40 வாரம் ஆனபோது செவிலியர் வீட்டுக்குச் சென்றனர். உணவுடன் தூக்கம், விளையாட்டு, அழும் குழந்தையை ஆற்றும் வழி ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. குழந்தையின் குறிப்பறிந்து நடத்தலே இங்கு மையப் பாடம். ஒப்பீட்டுக் குழுவினர் வீட்டுப் பாதுகாப்புப் பற்றிய பாடம் பெற்றனர். ஒரு வயதில் மிகை எடையுள்ளவர்கள் முதற் குழுவில் 5.5 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 12.7 விழுக்காடு. மூன்று வயதிலும் குறியீட்டெண் முதற் குழுவில் சற்றுக் குறைவாகவே இருந்தது.

பயன் நீடிக்குமா என்ற வினா

சிட்னிக் குழந்தைகள் ஐந்து வயதுவரை தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். செவிலியர் வருகை இரண்டு வயதுடன் நின்றிருந்தது. மூன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் இரு குழுக்களின் உடல் நிறை குறியீட்டெண்ணில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வருகை தொடர்ந்தவரை இருந்த பயன், நின்றபின் மறைந்துவிட்டது என்பதே 2015இல் வெளியான இம்முடிவின் பொருள்.

பல நாடுகளில் நடந்த இத்தகைய ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி, சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 'டாப்சைல்டு' என்ற பன்னாட்டுக் கூட்டு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அதன் முடிவு 2025இல் 'லான்செட்டு' இதழில் வெளியானது. 17 ஆய்வுகளைச் சேர்ந்த 9,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஒன்றாகப் பார்த்தபோது, பெற்றோரை மையமாகக் கொண்ட திட்டங்களால் இரண்டு வயதில் குறியீட்டெண்ணில் மாற்றம் ஏற்படவில்லை. வீட்டு வருகைகள் மட்டுமன்றி, குழுவாகவும் வேறு வழிகளிலும் கற்பித்த திட்டங்களும் இத்தொகுப்பாய்வில் அடங்கும்.

எனவே உணவூட்டல் கல்வியால் பயனே இல்லை என்று கொள்வது பொருந்தாது. தாய்ப்பால், துணை உணவு, தொலைக்காட்சி ஆகியவற்றில் சிட்னியில் காணப்பட்ட மாற்றங்கள் தம்மளவிலேயே நன்மையானவை. பெற்றோருக்குக் கற்பிப்பதை மட்டும் நம்பி உடற் பருமனைத் தடுக்க முடியாது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

சூழலின் பங்கு

அறிவு இருந்தும் செயல்படுத்த இயலாத நிலை பல குடும்பங்களில் உண்டு. சிட்னி ஆய்வில் பங்கேற்ற தாய்மார் 2007, 2008ஆம் ஆண்டுகளில் சேர்க்கப்பட்டவர்கள். ஆத்திரேலியாவில் அரசு ஊதியத்துடன் கூடிய நாடளாவிய மகப்பேற்று விடுப்புத் திட்டம் 2011 சனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வேலைக்குத் திரும்ப வேண்டிய தாய்க்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது அறிவைப் பொறுத்த செய்தி மட்டுமன்று. காய்கனியின் விலை, இனிப்புப் பானங்களின் விளம்பரம், குழந்தை விளையாட இடமின்மை, வீட்டில் உதவிக்கு ஆள் இன்மை ஆகியவையும் ஊட்டும் முறையைத் தீர்மானிக்கின்றன. தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனை முறைகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு நெறியை உலக நலவாழ்வு மாமன்றம் 1981இல் ஏற்றதும் இச்சூழலைக் கருதியே ஆகும்.

குழந்தை பருமனாவதற்குத் தாயைக் குற்றஞ்சாட்டும் போக்கு வீட்டுக்கு வரும் செவிலியரிடம் வெளிப்பட்டால், தாய் கதவைத் திறப்பதையே தவிர்ப்பார். ஆகவே அறிவுரை கூறுவதற்கு முன் தாயின் நிலையைக் கேட்டறிவது இப்பணிக்கான பயிற்சியில் இன்றியமையாதது.

மாற்று வழிகள்

செலவைக் குறைக்க, சிட்னி ஆய்வாளர்கள் வீட்டு வருகைக்கு மாற்றாகத் தொலைபேசி வழியையும் குறுஞ்செய்தி வழியையும் சோதித்தனர். 2017இல் தொடங்கிய அவ்வாய்வில் 1,155 பெண்கள் சேர்ந்தனர். பாடநூல் தபாலில் அனுப்பப்பட்டு, செவிலியர் தொலைபேசியில் விளக்கம் தந்தனர். தொலைபேசி ஆதரவு பெற்றவர்களிடம், உரிய காலத்தில் துணை உணவு தொடங்குவது போன்ற பழக்கங்கள் மேம்பட்டன. பின்னர் அரபு, சீன மொழிகளைப் பேசும் தாய்மாருக்கு ஏற்பவும் இத்திட்டம் மாற்றியமைக்கப்பட்டது. எனினும் குழந்தை பால் குடிப்பதை நேரில் காணும் வாய்ப்பு தொலைபேசியில் இல்லை. எந்தப் பகுதியில் நேரடி வருகை தேவை, எங்கே தொலைபேசி போதும் என்பது இத்துறையில் தொடர்ந்து ஆராயப்படும் வினாவாகும்.