பையன் எத்தனை கிலோ?

என் பி.காம். மூளைக்குத் தெரிந்த மருந்துக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். பெரியவருக்கு ஒரு மாத்திரை, குழந்தைக்கு ஒரு ஸ்பூன்!

அன்று ராத்திரி ஒன்றரை வயசுப் பையனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. வீட்டில் பாரசிட்டமால் சிரப் காலி. மருந்துக் கடைக்கு ஓடினேன். சிரப் இல்லையாம், சின்ன பாட்டிலில் சொட்டு மருந்தை நீட்டினார் கடைக்காரர்.

"பையன் எத்தனை கிலோ?"

அரிசியா வாங்க வந்தேன்? "எப்பவும் போல ஒரு ஸ்பூன் கொடுத்துக்கறேன் சார்."

மனுஷர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்!

"சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்தான். இதில் 1 மில்லியிலேயே 100. ஒரு ஸ்பூன் விட்டா 500. நீங்க போடற முழு மாத்திரை!"

எனக்கு வியர்த்துவிட்டது. மனைவிக்குப் போன் போட்டேன். தடுப்பூசி கார்டைப் பார்த்து, "பத்து கிலோ" என்றாள்.

"கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதிகபட்சம் ஒன்றரை மில்லி. அடுத்த வேளைக்கு நாலு மணி நேரமாவது போகணும். நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. மிஞ்சினா ஈரலுக்கு ஆபத்து. சில சளி மருந்திலும் பாரசிட்டமால் இருக்கும். ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துடாதீங்க."

டபுள் என்ட்ரி லெட்ஜருக்குத்தான் நல்லது, ஈரலுக்கு ஆகாது!

இப்போதெல்லாம் பாட்டில் மாறினால் முதலில் லேபிளைப் படிக்கிறேன். ஸ்பூன் சமையலறைக்கே போய்விட்டது. கூட வரும் டிராப்பர்தான் அளவு. எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே பையனின் எடையும் ஏறியிருக்கிறது.

உங்கள் பிள்ளை எத்தனை கிலோ சார்?