பனி செதுக்கிய கடல்வழிகள்

உலகப் படத்தில் நார்வே நாட்டின் மேற்குக் கரையைச் சற்று உற்று நோக்குங்கள். கிழிந்த துணியின் ஓரத்தைப் போல அது காட்சியளிக்கும். செங்குத்தான மலைகளுக்கிடையே கடல் நெடுந்தூரம் உட்புகுந்து செல்லும் அந்த ஒடுங்கிய நீர்வழிகளுக்கு ‘ஃபியோர்டு’ என்று பெயர். அச்சொல்லே நார்வே மொழி உலகிற்கு வழங்கியதுதான். கிரீன்லாந்து, அலாஸ்கா, சிலி, நியூசிலாந்து ஆகியவற்றின் கரைகளிலும் இவை உண்டு.

இவற்றைச் செதுக்கிய உளி எது தெரியுமா? பனிக்கட்டியே!

பனியூழிக் காலத்தில் மலைகளிலிருந்து இறங்கிய பனியாறுகள், தம் அடியில் சிக்கிய பாறைத் துண்டுகளைக் கொண்டு பள்ளத்தாக்குகளை அரம் போல் அராவின. தம் பெரும் பாரத்தால் கடல் மட்டத்திற்கும் கீழே தோண்டின. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் பின்வாங்கியது. அவ்விடத்தைக் கடல் நிரப்பியது. நார்வேயின் சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கும் அதிக நீளமும், ஏறத்தாழ 1300 மீட்டர் ஆழமும் உடையது. ஆயினும் அதன் வாயிலில் ஆழம் மிகக் குறைவு. கடலை எட்டிய பனி பரவி மெலிந்து, தோண்டும் வலிமையை இழந்ததே காரணம்.

இவ்வழகுக்குள் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. பனி இருந்தவரை இருபுறப் பாறைச் சுவர்களுக்கும் அது முட்டுக் கொடுத்து நின்றது. பனி அகன்றபின் அவை தாங்குவாரின்றி நிற்கின்றன. வெடிப்புகளில் புகும் நீர் உறைந்து விரிந்து, பாறையை மேலும் பிளக்கிறது.

1934 ஏப்ரல் 7 அன்று, விடியுமுன் இருளில், டாஃப்யோர்டு என்னுமிடத்தில் பெரும் பாறைத்திரள் சரிந்து நீரில் வீழ்ந்தது. எழுந்த அலை ஓரிடத்தில் 60 மீட்டருக்கும் மேல் ஏறியது. கரையோரச் சிற்றூர்களில் உறங்கிக் கொண்டிருந்த 40 பேர் மாண்டனர்.

அதே வட்டாரத்தில்தான், 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கெய்ராங்கர் ஃபியோர்டு உள்ளது. அதற்கு அருகிலுள்ள ஓகர்நேசெட் என்னும் மலைச்சரிவில் ஒரு பெரும் வெடிப்பு ஆண்டுதோறும் சில சென்டிமீட்டர் அகன்று வருகிறது. அங்குள்ள மக்கள் ஏன் ஊரைவிட்டு அகலவில்லை என்று நீங்கள் வினவலாம். செங்குத்தான மலைநாட்டில் வீடு கட்டவும் பயிரிடவும் ஏற்ற சமநிலம் நீரோரத்தில்தானே இருக்கிறது! ஆகவே அந்நாட்டு அரசு கருவிகளைப் பொருத்தி இரவும் பகலும் அம்மலையைக் கண்காணிக்கிறது.

இது பழங்கதையன்று. 2023 செப்டம்பர் 16 அன்று கிழக்குக் கிரீன்லாந்தின் டிக்சன் ஃபியோர்டில் ஒரு மலைமுகடு சரிந்து, சுமார் 200 மீட்டர் உயர அலையை எழுப்பியது. அந்த நீரின் ஊசலாட்டத்தை உலகெங்கும் உள்ள நிலநடுக்கக் கருவிகள் ஒன்பது நாட்கள் பதிவு செய்தன. ஆளில்லாப் பகுதியாதலால் உயிர்ச்சேதம் இல்லை. புவி வெப்பமடைந்ததால் அம்மலையின் அடியில் முட்டுக் கொடுத்திருந்த பனியாறு மெலிந்ததே சரிவுக்குக் காரணமென அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர்.

சரியும் மலையைத் தடுத்து நிறுத்த மனிதனால் இயலாது. ஆனால் அதன் அசைவை முன்னரே அறிந்து, உறங்குவோரை எழுப்பி மேட்டுக்கு அனுப்ப இயலும். 1934இல் அந்த நாற்பது பேருக்குக் கிட்டாத வாய்ப்பு அதுவே.