மாட்டின் வலிக்கு நேரம் உண்டா?

வெள்ளகோவிலுக்கு அருகே கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்த்த நேயர்கள் அறிவார்கள். காங்கயம் காளை வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், திமிலைத் தட்டியும் பார்ப்பார். அதற்கு மூக்குக் குத்தியபோது எவ்வளவு வலித்திருக்கும் என்று மட்டும் கேட்கமாட்டார். கேட்டால், "மாடு கத்தவில்லையே!" என்று பதில் வரும். கத்தாதது வலியின்மைக்கு அத்தாட்சியாகுமா? புலிக்கு இரையாகும் வம்சத்தில் பிறந்த பிராணி தன் நோவை மறைத்துக்கொள்வதே இயல்பு.

அந்த வலியும் நாள் முழுதும் ஒரே அளவில் நிற்பதில்லை என்பதுதான் விந்தை. சூடான தட்டில் விடப்பட்ட சுண்டெலிகள் எத்தனை நேரத்தில் துள்ளிக் குதிக்கின்றன என்பது பகலிரவு வேளைக்குத் தக்கவாறு மாறுகிறதென்று 1977-ல் விஞ்ஞானிகள் கண்டார்கள். அபினியின் வேலையைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைச் செலுத்தியதும் அவை இன்னும் விரைவாகக் குதித்தன. அம்மருந்தின் வேகமும் வேளையோடு மாறிற்று. உடம்புக்குள்ளேயே அபினியை ஒத்த சரக்கு ஊறுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அத்தகைய பொருளை 1975-லேயே அபர்டீன் நகரத்தில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இருவர் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர்.

இரவில் பெருகிப் பகலில் வற்றும் மெலடோனின் என்ற ஹார்மோனும் எலிகளின் வலியைத் தணிக்கிறது. 1958-ல் லெர்னர் அதை முதன்முதலாகப் பிரித்தது மாட்டு மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பியிலிருந்து என்பதை நம் குடியானவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது! சினை எலிகளுக்குப் பிரசவம் நெருங்க நெருங்க வலி தாங்கும் சக்தி ஏறுவதையும், பெற்ற பின் அது இறங்குவதையும் 1980-ல் கின்ட்ஸ்லர் எடுத்துக்காட்டினார்.

ஆனால் எலி இரவில் நடமாடும் பிராணி. மாடோ பெரும்பாலும் பகலில் மேய்வது. எலியின் கணக்கைக் கொண்டு மாட்டுக்கு முகூர்த்தம் குறிப்பது சரியல்ல.

1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், விதிப்படி செய்யப்படும் காயடித்தலையும் சூடு போடுதலையும் மூக்கணாங்கயிறு இடுதலையும் குற்றமாகக் கருதவில்லை. சட்டம் விட்டுவிட்டது என்பதற்காக நாமும் விட்டுவிட வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரை அழைத்து முதலில் மரப்பூசி போடச் சொல்லலாம். அந்த ஊசிக்குக் காலை மாலை என்ற பேதம் பார்க்க வேண்டியதில்லை.