குட்டை மீன் தடுமாறுகிறதா? உஷார்!

பல்லடம் பக்கம் தோட்டங்காட்டில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான். தக்காளிக்கோ கத்திரிக்கோ மருந்து அடித்து முடித்ததும், ஸ்ப்ரேயரைக் குட்டையில் ஒரு அலசு அலசிவிட்டு வீட்டுக்குப் போவோம். மறுநாள் நாலு ஜிலேபி மீன் பக்கவாட்டில் சாய்ந்து தள்ளாடும். "உசுரு இருக்குதுங்களே, குழம்பு வெச்சா என்னங்க?" என்று கேட்பவர்களும் உண்டு.

அந்த மீனைத் தொடாதீர்கள்! குடலைக் கழித்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். மருந்து சதையிலும் இருக்கும்.

மீனுக்குள் என்ன நடக்கிறது? உங்கள் வீட்டு காலிங் பெல்லை நினைத்துக் கொள்ளுங்கள். பொத்தானிலிருந்து விரலை எடுத்தால்தான் மணி நிற்கும். நரம்பு, தசைக்குக் கட்டளை இடும்போது அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் பொத்தானை அழுத்துகிறது. அடுத்த கணமே அதை உடைத்து மணியை நிறுத்துவது, அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற என்சைம், அதாவது நொதி. (பெயர் வாயில் நுழையவில்லையா? டாக்டர்களே சுருக்கமாக 'கோலினெஸ்டரேஸ்' என்றுதான் சொல்கிறார்கள்.)

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்துகள் இந்த என்சைமோடு ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகின்றன. மணி ஓயாமல் அடிக்கிறது! மீன் சுற்றிச் சுற்றித் துடிக்கும். பிறகு செவுளை அசைக்கும் தசை ஓய்ந்து மூச்சு முட்டும். பிழைத்த மீனுக்கும் உடம்பு புதிதாக என்சைம் தயாரிக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை இரை பிடிக்கவும் கொக்கிடமிருந்து தப்பவும் திணறும்.

1958-லேயே வெய்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி நன்னீர் மீன்களின் மூளையில் இந்த என்சைம் குறைவதை அளந்து காட்டினார். நம் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் சாதாக்கெண்டை மீனைக் குளோர்பைரிபாஸ் கலந்த தண்ணீரில் விட்டு ரத்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் மட்டும் மீன் மேலே வந்து வாய் பிளந்தால், ஆக்சிஜன் குறைவாகவும் இருக்கலாம். வெயில் ஏறியும் தடுமாறினால் மருந்தைச் சந்தேகப்படுங்கள்.

மீன் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? அதே என்சைம்தான் உங்கள் உடம்பிலும், உங்கள் குழந்தையின் உடம்பிலும் வேலை செய்கிறது. பீகாரில் 2013 ஜூலையில் மோனோகுரோட்டோபாஸ் கலந்த பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். காய்கறிகளுக்கு அந்த மருந்தை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை இருந்தது.

மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, கண்ணீர் வடிகிறது, கண் பாப்பா சுருங்குகிறது, வியர்த்து வாந்தி வருகிறது, மூச்சு இழுக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். லேபிளோடு மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போனால், டாக்டர் அட்ரோபின் போடுவதில் தாமதம் இருக்காது.

ஸ்ப்ரேயர் கழுவிய தண்ணீரை மருந்து அடித்த செடிகளுக்கே அடித்துவிடுங்கள். காலி டப்பாவைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கம் இருந்தால், இன்றைக்கே அதில் ஓட்டை போட்டுவிடுங்கள்.