கேட்கத் தெரிந்த குரங்கு

1977-ஆம் ஆண்டு. கென்யாவின் அம்போசெலி புல்வெளியில் ஒரு புதருக்குள் ஒலிபெருக்கியை ஒளித்துவைத்துவிட்டு, ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி என்ற அமெரிக்க ஆய்வுத் தம்பதி காத்திருந்தார்கள். எதிரே வெர்வெட் குரங்குக் கூட்டமொன்று மேய்ந்துகொண்டிருந்தது. சாம்பல் உடம்பும் கறுத்த முகமும் கொண்ட சிறிய குரங்குகள் அவை.

இந்தக் குரங்குகள் சிறுத்தையைக் கண்டால் ஒரு விதமாகவும், கழுகைக் கண்டால் வேறு விதமாகவும், பாம்பைக் கண்டால் இன்னொரு விதமாகவும் கத்துகின்றன என்று தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் என்ற ஆய்வாளர் 1967-இலேயே எழுதியிருந்தார். அந்தக் கத்தல்களுக்குப் பொருள் உண்டா, அல்லது அவை வெறும் பயத்தின் அளவுதானா என்பதுதான் கேள்வி. நேரில் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. சிறுத்தை வந்தபோது மரமேறிய குரங்கு, சத்தத்தைக் கேட்டு ஏறியதா, சிறுத்தையைப் பார்த்து ஏறியதா என்று யாருக்குத் தெரியும்?

அதனால்தான் ஒலிபெருக்கி. சிறுத்தையும் இல்லை, கழுகும் இல்லை; பதிவுசெய்த குரல் மட்டும். சிறுத்தைக் குரல் ஒலித்ததும் தரையிலிருந்த குரங்குகள் மரத்துக்கு ஓடின. கழுகுக் குரல் கேட்டு அண்ணாந்து பார்த்தன, புதருக்குள் புகுந்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் எழுந்து நின்று புல்லைத் துழாவின. ஆய்வாளர் பீட்டர் மார்லருடன் சேர்ந்து 1980-இல் அவர்கள் ‘சயின்ஸ்’ இதழில் இதை வெளியிட்டதும், ‘குரங்குக்கும் சொல் உண்டு’ என்று உலகமே பேசியது.

அந்தக் கொண்டாட்டம் நியாயமானதுதான். ஆனால் குரங்கின் வாயைப் பார்த்த அளவுக்கு நாம் அதன் காதைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

வெர்வெட் குட்டிக்குக் கழுகுக் குரல் ஏறக்குறையப் பிறவியிலேயே இருக்கிறது. எதற்காகக் கத்துவது என்பதில்தான் தடுமாற்றம். நாரை பறந்தாலும் கத்தும், இலை உதிர்ந்தாலும் கத்தும். பெரியவை நிமிர்ந்து பார்க்கும். இலைதான் என்றால் மறுபடி மேயத் தொடங்கிவிடும். வளர வளர, குட்டியின் குரல் உண்மையான கழுகுகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிடுகிறது.

இன்னும் வியப்பானது 2019-இல் வெளியான ஆய்வு. ஜெர்மன் ஆய்வாளர் யூலியா ஃபிஷரின் குழு, செனகலில் வாழும் பச்சைக் குரங்குகளின் தலைக்கு மேலே டிரோன் ஒன்றைப் பறக்கவிட்டது. இவை வெர்வெட்டின் நெருங்கிய உறவு. இரண்டும் பிரிந்து ஏறத்தாழ 35 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குரங்குகள் கழுகுக்கென்று தனிக்குரல் எழுப்பி அங்கே யாரும் கேட்டதில்லை. டிரோனைக் கண்டதும் எழுப்பிய குரலோ, கிழக்கு ஆப்பிரிக்க வெர்வெட்டின் கழுகுக் குரலைப் பெரிதும் ஒத்திருந்தது! பழைய தொண்டை, பழைய குரல். ஆனால் காது? சில நாள் கழித்து டிரோனின் இரைச்சலை மட்டும் தரையிலிருந்து ஒலிக்கவிட்டபோது, குரங்குகள் வானத்தைத் தேடின. முன்பின் அறியாத ஓர் ஒலியின் பொருளை அவ்வளவு விரைவில் கற்றுக்கொண்டிருந்தன.

பகைக்கு மட்டுமல்ல, உறவுக்கும் இந்தக் காது வேண்டும். அம்போசெலியில் செனியும் சேஃபார்த்தும் செய்த மற்றொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குட்டி வீறிடும் ஒலியை, அதன் தாயும் வேறு இரண்டு தாய்களும் இருக்கும் இடத்தில் ஒலிக்கவிட்டார்கள். தாய் ஒலி வந்த பக்கம் திரும்பியது. மற்ற இரண்டும் அந்தத் தாயைத் திரும்பிப் பார்த்தன. ‘உன் பிள்ளைதானே அழுகிறது’ என்று அண்டைவீட்டார் பார்ப்பதுபோல! யாருடைய குட்டி எது என்பது அவற்றுக்கு மனப்பாடம்.

பின்னாளில் போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் இதே தம்பதியின் குழு பபூன் குரங்குகளிடம் இதைவிட நுட்பமானதைக் கண்டது. தாழ்ந்த நிலைப் பெண் மிரட்ட, உயர்ந்த நிலைப் பெண் அலறுவதுபோல ஒலிகளைக் கோத்துப் போட்டபோது, கேட்டவை நெடுநேரம் ஒலிபெருக்கிப் பக்கமே பார்த்தன. தலைகீழானது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான உயர்வு தாழ்வு வரிசை என்றால் இன்னும் நெடுநேரம். யார், யாருக்கு, என்ன செய்தார் என்பதை இரண்டு ஒலிகளிலிருந்தே கூட்டிப் படிக்கும் அறிவு அது. ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள நமக்குத் தேவைப்படுவதும் அதுதானே? நம் மொழிக்கு வேர் தேடுபவர்கள் குரங்கின் தொண்டையைவிட அதன் காதைத்தான் தோண்ட வேண்டும்.

நம் ஊர் மலைப்பாதையிலோ கோயில் மதிலிலோ குரங்குக் கூட்டத்தைக் கண்டால் சற்று நில்லுங்கள். ஒரு குரங்கு கத்தும்போது அதைப் பார்க்காதீர்கள். மற்றவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பாருங்கள்.