ஆகாயத்திலும் வேலி

இரண்டு ஊர்களுக்கிடையே தூரம் எவ்வளவு என்று கேட்டால் பூகோளப் புத்தகம் பதில் சொல்லிவிடும். பிரயாணம் எத்தனை மணி நேரம் என்று கேட்டாலோ, பூகோளம் மட்டும் போதாது. ராஜீய நிலைமையும் தெரிந்திருக்கவேண்டும். பின்லாந்து தேசத்தின் கதை இதற்குச் சரியான அத்தாட்சி.

ஹெல்ஸிங்கி விமான நிலையத்திலிருந்து டோக்கியோவை அடுத்த நரிட்டா விமான நிலையத்திற்கு மிகக் குறுகிய வழி சுமார் 7,800 கிலோமீட்டர். இவ்வழியில் பெரும்பகுதி ருஷியாவின்மீதே செல்கிறது. 2022-க்கு முன் இப்பிரயாணத்திற்கு ஏறக்குறைய ஒன்பதரை மணி பிடித்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் ருஷியா உக்ரேனின்மீது படையெடுத்தது. ஐரோப்பிய யூனியன் ருஷிய விமானங்களுக்குத் தன் வானத்தை அடைத்தது. ருஷியாவும் பதிலுக்கு 36 தேசங்களின் விமானங்களுக்குத் தன் வானத்தை அடைத்தது. மார்ச்சு மாதம் பின்லாந்தின் விமானங்கள் மீண்டும் ஜப்பானுக்குப் புறப்பட்டபோது, ஒன்று வடதுருவத்தைக் கடந்து அலாஸ்கா பக்கமாகச் சுற்றவேண்டும். அல்லது தெற்கே இறங்கி, துருக்கி, மத்திய ஆசியா, சீனா வழியாகச் செல்லவேண்டும். பிரயாணம் சுமார் 13 மணி நேரமாயிற்று.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1983-இல் பின்லாந்தின் விமானம் முதன்முதலாக இடையில் இறங்காமல் டோக்கியோ சென்றபோதும், சோவியத் வானத்தைத் தவிர்த்து வடதுருவத்தின் மேலாகவே பறந்தது. அன்றும் சுமார் 13 மணி நேரமே ஆயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் யந்திர நிபுணர்கள் எத்தனையோ அபிவிருத்திகளைச் செய்தார்கள். ஒரு யுத்தம் பிரயாணியைப் பழைய கணக்கிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1944-இல் சிகாகோவில் ஏற்பட்ட உடன்படிக்கையின் முதல் ஷரத்து, ஒவ்வொரு ராஜ்யத்திற்கும் தன் நிலத்தின் மேலுள்ள ஆகாயத்தில் பூரண அதிகாரம் உண்டு என்கிறது. இறங்காமல் கடந்துசெல்லும் உரிமையைப் பரஸ்பரம் வழங்கும் வேறோர் ஒப்பந்தமும் அப்போதே ஏற்பட்டது. ருஷியா அதில் சேரவில்லை. ஆகவே ஸைபீரிய மார்க்கம் ஒருநாளும் உரிமையாக இருந்ததில்லை. கட்டணம் செலுத்திப் பெற்ற அநுமதியாகவே இருந்தது.

அதற்காகச் சிகாகோ விதியையே குறைகூறுவது பொருந்தாது. அந்நியர் தன் தலைக்குமேல் இஷ்டம்போல் பறக்கலாம் என்று எந்தச் சுதந்தர தேசமும் இசையாது. வல்லரசின் எல்லையைப் போலவே சிறிய தேசத்தின் எல்லையையும் அவ்விதி காக்கிறது. தன்னுடைய பூமிக்கும் வானத்திற்கும் உரிமை கோரும் ராஜ்யமே அயலானுடைய பூமியில் படையை நுழைத்ததுதான் இங்கே முரண்பாடு.

பின்லாந்துக்கு நஷ்டம் சிறிதன்று. ஆசியாவுக்குக் குறுக்குவழி தன் வாயிலில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அத்தேசத்தின் விமானக் கம்பெனி வியாபாரத்தை வளர்த்திருந்தது. சீனக் கம்பெனிகளோ தொடர்ந்து ருஷிய வானத்தில் பறந்து, எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தின. மௌனமாயிருந்தால் வழி மிஞ்சும் என்று பின்லாந்து கருதியிருக்கலாம். அது அவ்விதம் கருதவில்லை. வீடும் உயிரும் இழந்த உக்ரேனியரின் துன்பத்திற்கு முன்னால் மூன்றரை மணி நேரம் ஒரு பொருட்டல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

எனினும் ராஜதந்திரிகள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். பிறர் தயவில் கிடைக்கும் குறுக்குவழியைச் சொந்தச் சொத்தென்று ஐந்தொகையில் எழுதிவைக்கும் தேசம், அத்தயவு நீங்கும் நாளுக்கும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.